மிட்டாய்ப் பெட்டியில் ஒரு காடு

1929 ஜூன் 1. ஜப்பானின் தானபே விரிகுடாவில் 'நாகாதோ' போர்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. உள்ளே 28 வயதுப் பேரரசர் ஹிரோஹிதோ. எதிரே, கல்லூரிப் பட்டம் எதுவுமில்லாத 62 வயது மினகதா குமகுசு. பேரரசருக்குத் தருவதை நல்ல மரப்பேழையில் வைத்துத் தர வேண்டும். மினகதா நீட்டியதோ, கேரமல் மிட்டாய் அடைத்து வந்த அட்டைப்பெட்டிகளை. அவற்றுக்குள் 110 சளிப்பூஞ்சைகள். பேரரசர் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் அவற்றின் மீது ஆசை உண்டு.

மற்றவர்கள் சுளிப்பார்கள். மழை விட்ட காட்டில் சருகைப் புரட்டினால், மட்கும் மரப்பட்டையைத் தொட்டால், யாரோ துப்பிவிட்டுப் போனது போல மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு வழவழப்பு. அது ஒரே செல். உள்ளே ஆயிரக்கணக்கில் உட்கருக்கள். வலை போல நரம்புகளைப் பரப்பி, மணிக்கு ஓரிரு சென்டிமீட்டர் ஊர்ந்து, பாக்டீரியாக்களை விழுங்குகிறது. பிறகு ஒருநாள் ஊர்வதை நிறுத்திவிட்டு, சில மில்லிமீட்டர் உயரக் காம்புகளாக எழுகிறது. குண்டூசித் தலை போன்ற பைகள் உடைந்து வித்துத்தூள் காற்றில் போகிறது. பெயர்தான் பூஞ்சை. உண்மையில் அது பூஞ்சையல்ல, செடியல்ல, விலங்குமல்ல. அமீபாவுக்கு உறவு.

இந்த உயிருக்குத் தேவை ஈரமும் நிழலும் யாரும் கூட்டித் தள்ளாத சருகும். ஜப்பானில் அது கிடைத்த இடம், ஊர்க் கோயில்களைச் சூழ்ந்த காடு. அதற்குத்தான் ஆபத்து வந்தது. 1906ல் அரசு சிறு கோயில்களை இணைத்து, ஊருக்கு ஒன்றாகக் குறைக்க உத்தரவிட்டது. சுமார் 70,000 கோயில்கள் மறைந்தன. கோயில் போனதும் மரத்துக்கு விலை பேசப்பட்டது. அதிகம் இழந்த மாவட்டங்களில் ஒன்று, மினகதா வாழ்ந்த வகயாமா.

லண்டனில் எட்டாண்டுகள் இருந்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துத் திரும்பிய மனிதர் அவர். செய்தித்தாள்களில் எழுதினார், அறிஞர்களுக்கு நீண்ட கடிதங்கள் அனுப்பினார். 1911ல் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், ஜப்பானில் அநேகமாக யாரும் கேட்டிராத 'எகாலஜி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு, இணைப்பை ஆதரித்த அதிகாரியைப் பார்க்க ஒரு கூட்டத்துக்குள் நுழைந்து கலாட்டா செய்ததில் 18 நாள் காவலில் இருந்தார். அங்கேயும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார் என்று சொல்வார்கள். நம்பத் தோன்றுகிறது. 1917ல் தன் வீட்டுத் தோட்டத்துச் சீமைப்பனிச்சை மரத்திலேயே அவர் ஒரு புதிய பேரினத்தைக் கண்டவர். லண்டனில் குலியெல்மா லிஸ்டர் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்: மினகதெல்லா.

வகைப்படுத்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. பிற்காலக் கடிதம் ஒன்றில் அவர் சொன்ன கருத்து யோசிக்க வைக்கிறது. காம்பும் தலையுமாக நிற்பதைப் பார்த்து, 'முளைத்துவிட்டது' என்று மனிதர்கள் மகிழ்கிறார்கள். அப்போது அது வாழ்ந்து முடித்துவிட்டது. எச்சில் போலக் கிடப்பதைச் செத்தது என்று ஒதுக்குகிறார்கள். அப்போதுதான் அது உயிரோடு இருக்கிறது. அதிகாரிகளின் தவறும் இதுவேதான். நிமிர்ந்து நின்ற மரத்தின் விலை தெரிந்தது. காலடியில் ஊர்ந்த உயிர் குப்பையாகத் தெரிந்தது.

அந்தக் குப்பை பிறகு மதிப்புப் பெற்றது. 2010ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் தோக்கியோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் போல ஓட்ஸ் துணுக்குகளை வைத்து, நடுவில் ஒரு சளிப்பூஞ்சையை விட்டார்கள். மூளையில்லாத அந்த உயிர் ஒருநாள் பொழுதில் விரித்த வலை, அங்குள்ள ரயில் பாதைகளுக்குச் சமமான திறமையோடு இருந்தது.

கோயில் இணைப்பு 1920ல் கைவிடப்பட்டது. வெட்டிய காடுகள் போனவைதான். ஆனால் தானபே விரிகுடாவில் காஷிமா என்ற குட்டித் தீவின் காடு, வெட்டத் தொடங்கிய பிறகும் மினகதாவின் பிடிவாதத்தால் தப்பியது. 1929ல் பேரரசர் கால் வைத்தது அங்கேதான். மினகதா 1941ல் இறந்தார். 1962ல் மீண்டும் அப்பக்கம் வந்த பேரரசர், மழையில் மங்கலாகத் தெரிந்த காஷிமாவைப் பார்த்து, மினகதாவை நினைத்து ஒரு கவிதை எழுதினார்.

அந்த மழையில் தீவின் சருகுகளுக்கடியில் ஏதோ ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்திருக்கும்.