டோக்கியோவில் ஒரு வெந்நீர்க் குளியல்

டோக்கியோ செலவு பிடித்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜம்தான். ஆனால் அதே ஊரில் ஒரு விஷயத்துக்கு அரசாங்கம் இன்னமும் விலையைப் பிடித்து வைத்திருக்கிறது. என்னவென்று நினைக்கிறீர்கள்? குளியல்!

"சென்டோ" என்றால் அந்தந்தப் பேட்டையில் இருக்கும் பொதுக் குளியல் கூடம். முன்பெல்லாம் பல வீடுகளில் குளியலறையே கிடையாது, ஊரே அங்கேதான் குளித்தது. போர் முடிந்து 1946-ல் விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று போட்டார்கள். அதிலிருந்து அரிசி கூட 1972-ல் விடுபட்டுவிட்டது. சென்டோ மட்டும் இன்னும் உள்ளேயே இருக்கிறது. டோக்கியோவில் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. ஒரு கிண்ணம் ராமென் இதைவிட விலை அதிகம்.

இவ்வளவு மலிவாக இருந்தும், படிக்க வந்த முதல் வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளே ஜட்டி கூடக் கூடாது! ஆண், பெண் தனித்தனிப் பக்கம்தான், இருந்தாலும் பத்துப் பேர் நடுவில் எப்படி? போதாக்குறைக்கு, ஐந்து வயதில் கொதிக்கிற வெந்நீர் கொட்டியதில் என் முதுகில் பாதி தழும்பு. குற்றாலத்தில் சட்டையோடு அருவியில் நின்ற ஒரே ஆள் யார் என்று என் வகுப்புத் தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும் :) காரணம் இதுதான் மக்களே.

இரண்டாவது வருடம் ஜனவரியில் அறையில் வெந்நீர் மெஷின் மண்டையைப் போட்டது. சரி செய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மூன்றாவது நாள் குளிர் வெட்கத்தை ஜெயித்துவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செருப்பை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி என்பது ஒரு மரப் பலகைத் துண்டு. உள்ளே உயரமான கூரை, சுவர் முழுக்க ஃபூஜி மலை ஓவியம். 1912-ல் டோக்கியோவின் கன்டா பகுதியில் ஒரு குளியல் கூடத்தில் ஆரம்பித்த வழக்கமாம் இது. கைப்பிடி இல்லாத மஞ்சள் பிளாஸ்டிக் வாளிகளில் "கெரோரின்" என்று சிவப்பில் எழுதியிருக்கும். அது ஒரு வலி மருந்தின் பெயர். 1963-ல் தொடங்கிய விளம்பரம் இன்றும் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறது!

குட்டை முக்காலியில் உட்கார்ந்து முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி. துண்டு தண்ணீரில் படக்கூடாது. தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சும்மா உட்கார. எல்லோருக்கும் ஒரே தண்ணீர், அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு.

தண்ணீர் 42 டிகிரி இருக்கும். முதல் நிமிடம் சுட்டது. அப்புறம் தோள்கள் மெதுவாக இறங்கின. இத்தனை நாள் அவை காது வரைக்கும் ஏறிக் கிடந்தது இறங்கும்போதுதான் தெரிந்தது.

யாராவது என் முதுகைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். யாருமே பார்க்கவில்லை. ஒரு பக்கம் முழங்காலில் நீளமான ஆபரேஷன் தழும்போடு ஒரு தாத்தா. இன்னொரு பக்கம் முதுகு முழுக்க டிராகன் பச்சை குத்திய ஒருவர். பெரிய ஸ்பாக்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களை விடுவதில்லை, பேட்டை சென்டோக்கள் பலவற்றில் விடுகிறார்கள். எதிரே ஒரு அப்பாவும் குழந்தையும் நூறு வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "வெளியே நல்ல குளிர், இல்லையா?" என்றார் தாத்தா. "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். சினிமாவிலும் விளம்பரத்திலும் நாம் பார்ப்பது தேர்ந்தெடுத்த உடம்புகளை. நிஜ உடம்புகளை, சுருங்கியதை, தொங்கியதை, தையல் போட்டதை, நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்த பிறகு என்னுடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. "அதெல்லாம் தெரியவே இல்லடா" என்று அம்மா இருபது வருடம் சொல்லியும் நம்பாததை, முன்பின் தெரியாத பத்துப் பேர் பேசாமலே நம்ப வைத்தார்கள்.

பிறகு ஒரு நண்பன் டோக்கியோ டோம் பக்கத்தில் உள்ள லாகுவா ஸ்பாவுக்கு அழைத்துப் போனான். 1,700 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் வெந்நீர் ஊற்று, அங்கி, சாய்வு நாற்காலி என்று சகல வசதியும் உண்டு. கட்டணம் சென்டோவைப் போலப் பல மடங்கு. நன்றாகத் தூங்கினேன். ஆனால் அங்கே பக்கத்தில் இருப்பவரை மறுபடி பார்க்கப் போவதில்லை. சென்டோ தாத்தா இரண்டு நாள் வராவிட்டால் கல்லாவில் இருக்கும் அம்மா விசாரிக்கிறார்.

1968-ல் டோக்கியோவில் சுமார் 2,700 சென்டோக்கள் இருந்தன. இப்போது 500 கூட இல்லை. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது, எரிபொருள் விலை ஏறிவிட்டது, நடத்தப் பிள்ளைகள் இல்லை. வீட்டிலேயே குளித்தாலும் உடம்பு சுத்தமாகும்தான். ஆனால் அடுத்தவர் உடம்பையும் நம் உடம்பையும் சாதாரணமாகப் பார்க்க எங்கே போய்ப் பழகுவது?

இந்தப் பக்கம் வந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு யோசனை: மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். நமக்கு எதுவும் தெரியாது, பாதி வெட்கம் அங்கேயே போய்விடும். மீதியை வெந்நீர் பார்த்துக்கொள்ளும் :)