அப்பாவின் ஊசி மருந்து

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. செவ்வாய், வியாழன் தம்பி அழைத்துப் போவான். சனிக்கிழமை என் முறை. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது அந்த நிலையம். கிளம்பும் முன் குளிர்பெட்டியைத் திறந்து, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசி மருந்தை எடுத்து, ஐஸ் கட்டி போட்ட சிறிய பெட்டியில் வைத்துக்கொள்வேன். அதை மறந்துவிட்டுப் பாதி வழியில் காரைத் திருப்பிய நாள்களும் உண்டு.

எரித்ரோபோயட்டின் என்பது மருந்தின் பெயர். தாதிகள் 'ஈபிஓ' என்பார்கள். சிறுநீரகம் அழுக்கை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. இந்த ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவும் போடுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனால் உத்தரவு போட ஆளில்லை. இரத்தம் குறைந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இனிப்பு நீர் அப்பாவை அந்த நிலைக்குத்தான் கொண்டுவந்திருந்தது. ஊசி போட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறினார்.

அவருடைய வலது கையில் மஞ்சள் நிற ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஊசி குத்தும் இடது கையில் இறுக்கமாக எதுவும் போடக்கூடாது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறவாரியத்துக்காக 2004இல் வந்த வளையம் அது. அசல் ஒரு அமெரிக்க டாலர். நான் வாங்கியது பாசார் மாலாம் சரக்கு, இரண்டு வெள்ளி. பல வருடம் நான் போட்டிருந்து, முதல் நாள் சிகிச்சைக்குப் போகும்போது அப்பாவுக்கு மாட்டிவிட்டேன்.

தபால்காரராக இருந்த ஆரம்ப காலத்தில் சைக்கிளிலேயே ஊரைச் சுற்றியவர் அவர். ஆர்ம்ஸ்ட்ராங் கதையை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பார். 25 வயதில், 1996இல், புற்றுநோய். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. அந்த ஆள் எழுந்து வந்து 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். நோயாளிக்கு இதைவிட வேறென்ன கதை வேண்டும்?

2012 அக்டோபரில் அது உடைந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் 26 பேரின் சாட்சியம் இருந்தது. அவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித் தோழர்கள். அதே மாதம் 22ஆம் தேதி உலக சைக்கிள் சங்கம் ஏழு பட்டங்களையும் பறித்தது. இன்றுவரை அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் இல்லை. மறு ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் ஆர்ம்ஸ்ட்ராங் தானே ஒப்புக்கொண்டார். அவர் பயன்படுத்தியவற்றில் முதன்மையானது ஈபிஓ. ஆரோக்கியமான உடம்பில் அதைச் செலுத்தினால் சிவப்பணுக்கள் பெருகி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் போகும். மலையேற்றத்தில் களைப்பு தெரியாது. ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே அதைப் பார்த்ததாக முன்னாள் தோழர் டைலர் ஹேமில்டன் 2011இலேயே தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

அந்தப் பேட்டியின் துண்டுகளை, ஒளிபரப்பான வாரத்துச் சனிக்கிழமை, அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து கைப்பேசியில் காட்டினேன்.

"நான் போடுற ஊசியாடா?"

"அதேதாம்பா."

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறகு எம்மா ஓ'ரைலி பற்றிச் சொன்னேன். அயர்லாந்துப் பெண். ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியில் வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது அவர் வேலை. 1999 பந்தயத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சோதனையில் கார்ட்டிசோன் தென்பட்டபோது, சேணப் புண்ணுக்கான களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு தயாரித்துச் சமாளித்தார்கள் என்பதை ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். அதற்காக அவர்மீது வழக்கு. குடிகாரி, விலைமகள் என்பது போன்ற பேச்சு. ஓப்ரா அவரைப் பற்றிக் கேட்டபோது, அத்தனை பேர்மீது வழக்கு போட்டதில் இவர்மீதும் போட்டோமா என்பதே ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும். "மருந்து போட்டான், ஓட்டுனான், அது கெடக்கட்டும். அந்தப் பொண்ணு என்னாடா பாவம் பண்ணுச்சு?"

அந்தக் கேள்வி என்னை வேறு ஒரு மேசைக்குக் கொண்டுபோனது.

2005 ஆகஸ்ட். பழைய அலுவலகத்தில் எங்களுக்கு மூத்த ஒருவர் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வார இறுதியில் சைக்கிள் ஓட்டுபவர். உறைய வைத்திருந்த 1999ஆம் ஆண்டுச் சிறுநீர் மாதிரிகளை மறுபடி சோதித்ததில் ஆர்ம்ஸ்ட்ராங்குடையதில் ஈபிஓ இருந்ததாக 'லெக்கிப்' என்ற பிரெஞ்சு நாளேடு எழுதியிருந்தது. அண்ணன் அந்தச் செய்தியை அச்சடித்து, பசியாறும் மேசைக்குக் கொண்டுவந்தார். நான் என் மஞ்சள் வளையத்தை அவர் முகத்துக்கு நேராக ஆட்டி, "புற்றுநோயில பொழச்சவன் ஜெயிச்சாக்கூட நம்ம ஆளுங்களுக்குப் பொறாமைண்ணே," என்றேன். மேசையே சிரித்தது. அன்றிலிருந்து எங்கே அவரைக் கண்டாலும் 'பொறாமை அண்ணன்' என்றோம். சில வாரத்தில் அவர் தனியாகப் பசியாற ஆரம்பித்தார். நான் கவனித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

2004 பந்தயத்தில் பிலிப்போ சிமியோனி என்ற இத்தாலிய வீரர் முன்னே தப்பிச் சென்றபோது, மஞ்சள் சட்டையில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் தானே துரத்திப் போய் அவரை மடக்கினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் சிமியோனி. திரும்பும்போது ஆர்ம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டுக்கு ஜிப் போடுவதுபோல் சைகை காட்டினார். மற்ற வீரர்கள் தனக்கு நன்றி சொன்னதாக அன்று அவரே சொன்னார். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! எப்போதும் ஆர்ம்ஸ்ட்ராங்கை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நன்றி சொன்னவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அப்பாவிடம் இதையும் சொன்னேன்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"சிரம்பான்ல இருக்காருன்னு சொன்னாங்க. ஓய்வு வாங்கிட்டாராம்."

"நம்பர் இருக்கா?"

நம்பர் கிடைக்க இரண்டு நாள் ஆனது. கூப்பிட இன்னும் பத்து நாள் ஆனது. ஒரு பின்னேரம் காரிலேயே உட்கார்ந்து அழைத்தேன். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணே, அந்த ஆர்ம்ஸ்ட்ராங் விஷயம்... அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி," என்று மட்டும் சொன்னேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி," என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

"நாங்க பேசினது தப்புண்ணே."

"ம்." பிறகு அவரே கேட்டார்: "அப்பாவுக்கு டயாலிசிஸ்னு கேள்விப்பட்டேன். ஈபிஓ போடுறாங்களா? இரத்தம் எவ்வளவு இருக்கு?"

"பத்து புள்ளி ரெண்டுண்ணே. முன்ன ஏழுதான் இருந்துச்சு."

"நல்லா இருக்கே. விடாம போடச் சொல்லு," என்றார்.