பத்து நாளில் பதில்

ஜூன் 11
ரயில் ஓட்டுநர்கள் வேலைக்குக் கையெழுத்துப் போடும் லாபிக்குப் போனேன். கிளார்க் ஒரு கவரை நீட்டினார். எஸ்.எஃப்.11. சிறு தண்டனைக்கான சார்ஜ் ஷீட். கூப்பிட்ட வண்டிக்கு வர மறுத்தேனாம். பத்து நாளில் பதில் தர வேண்டும். வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 12
மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தொடர்ந்து நான்கு இரவு கூட்ஸ் வண்டி. நான்காவது இரவு, ரெண்டரை மணி இருக்கும். அசிஸ்டென்ட் கையை நீட்டி "மஞ்சள்" என்கிறான். நானும் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறேன். சொன்ன பிறகுதான் சிக்னல் என் கண்ணில் படுகிறது.

அதற்குப் பிறகு வார ஓய்வு. விதிப்படி 30 மணி நேரம். எட்டு மணி நேரம் வேலை பார்த்து ஊர் திரும்பினால் சாதாரண நாளிலேயே 16 மணி நேர ஓய்வு உண்டு. அது தனி, இது தனி, ஆக 46 என்பது எங்கள் கட்சி. 30-க்குள் எல்லாம் அடக்கம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. 30 முடிந்ததும் போன் அடித்தது. 46 முடியட்டும் சார் என்றேன். "எழுதித் தருவீங்களா?" தந்தேன்.

ஜூன் 14
வண்டி. வந்து படுத்தேன்.

ஜூன் 16
யூனியன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். "எஸ்.எஃப்.5 கொடுத்திருந்தா தேவலைப்பா" என்கிறார். சுருக்கென்றது. அது பெருந்தண்டனைக்கானது, வேலையே போகலாம். ஆனால் அதில் விசாரணை உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, எனக்காகப் பேச ஓர் ஆளும் உண்டு. இதில் பதிலைப் படித்துவிட்டு நேராக ஒரு வருஷ இன்கிரிமென்டை நிறுத்திவிடலாம். விசாரணை கேட்டு நான் எழுதலாம். நடத்துவதா வேண்டாமா என்பது சார்ஜ் ஷீட் கொடுத்தவர் இஷ்டம். சிறு தண்டனையில் அவர்களுக்குத்தான் எத்தனை சௌகரியம்!

ஜூன் 17
அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நீராவி எஞ்சின் ஃபயர்மேன். 1974 மே ரயில்வே ஸ்டிரைக்கில் வேலை போய், ஜனதா ஆட்சியில் திரும்பச் சேர்ந்தவர். பெரிதாக ஏதோ சொல்வார் என்று நின்றேன். சார்ஜ் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாங்கறப்ப தேதி போட்டியாடா?" போட்டேன். "ஜெராக்ஸ் எடுத்து வை." அவ்வளவுதான், காபி கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜூன் 19
பதில் கொடுத்தாயிற்று. நான்கு இரவுகளின் சைன் ஆன், சைன் ஆஃப் நேரங்களை எழுதி, லாபி பதிவைப் பார்க்கச் சொல்லி, விசாரணையும் கேட்டிருக்கிறேன். நகலில் முத்திரையும் தேதியும் விழும்வரை ஆபீசை விட்டு நகரவில்லை. இரண்டு ஜெராக்ஸ்.

ஜூலை 9
உத்தரவு வந்தது. பதில் திருப்தியாக இல்லையாம். ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். விசாரணை கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இரவுகளைப் பற்றியும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "அன்னிக்கு நல்லா தூங்கினீங்கல்ல, விடுங்க" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி கோபம் வந்தது.

ஜூலை 12
மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். தண்டித்தவருக்கு மேலே இருப்பவருக்கு எழுத வேண்டும். அண்ணன் நாலு பக்கம் எழுதலாம் என்கிறார். எனக்கு ஒரு பக்கம் போதும். லாபி பதிவை அவராவது எடுத்துப் பார்க்கட்டும்.