செய்தானா, செய்வித்தானா?

உங்கள்ல எத்தனை பேருக்கு 'பிறவினை' ஞாபகம் இருக்கு? எனக்கு சுத்தமா இல்ல. எல்.கே.ஜி.ல இருந்தே இங்கிலீஷ் மீடியம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கர்நாடகாவுல இருக்கிற ஒரு மலை.

ஹாசன் பக்கம் ஐ.வி. முடிச்சுத் திரும்பும்போது சிரவணபெளகொளாவுல இறங்கினோம். விந்தியகிரி உச்சியில பாகுபலி நிக்கிறார் (படத்துல வர்றவர் இல்ல, சமண முனிவர்). ஏறக்குறைய 57 அடி, ஒரே கருங்கல். வேற எங்கயோ செஞ்சு தூக்கிட்டு வந்து நிறுத்தல, மலை உச்சிப் பாறையையே செதுக்கியிருக்காங்க. தொடைக்கு மேல எந்த சப்போர்ட்டும் கிடையாது. சிவில் பசங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உளி ஒரு இடத்துல தப்பினா ஒட்ட வழியே இல்ல. செருப்பில்லாம 600க்கு மேல படி ஏறணும். காலைச் சுத்திப் புற்று, கையில கொடி. அசையாம நின்னு தவம் பண்ணினதுல வளர்ந்ததாம். கீழ பார்த்தா தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடுங்க, நடுவுல குளம்.

காலடியில கல்வெட்டு. கன்னடம், மராத்தி, கூடவே தமிழ்! ஆனா பழைய எழுத்து. தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட் போன்ல தேடிச் சொன்னான்: "சாமுண்டராஜன் செய்வித்தான்." 10-ஆம் நூற்றாண்டு, கங்க அரசோட அமைச்சர்.

"செய்தான்னு தானே வரணும்?"

"செய்தான்னா அவரே செஞ்சது. செய்வித்தான்னா ஆள் வெச்சு செஞ்சது. பிறவினைடா."

அவன் சாதாரணமா சொல்லிட்டு செல்ஃபி எடுக்கப் போயிட்டான். எனக்கு அங்கயே நிக்கணும் போல இருந்துச்சு. ஏன்னா எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நாங்க செஞ்சதில்ல. நாலு பேரு காசு போட்டு வெளிய வாங்கினது. ரிப்போர்ட்ல 'எங்கள் சொந்த உழைப்பு'ன்னு கையெழுத்துப் போடணும். அவரு ஒரு அமைச்சர். 'செய்தான்'னு வெட்டியிருந்தா யாரு கேட்டிருப்பா? (செதுக்கினவங்க பேரும் அந்த வரியில இருந்திருக்கலாம்னு தோணுது, அது வேற விஷயம்.)

திரும்பி வந்ததும் டீம்ல சொன்னேன், சின்னதா ஆனாலும் நாமளே ஒண்ணு பண்ணுவோம்னு. ரெண்டு பேர் சரின்னாங்க. ஒருத்தன் வாட்ஸ்அப் குரூப்ல இருந்தே வெளிய போயிட்டான்.

ரிவ்யூவுக்கு இன்னும் 19 நாள் இருக்கு. நேத்து ராத்திரி சென்சார் முதல் தடவையா ரீடிங் காட்டுச்சு. தப்பான ரீடிங்தான்.