ஸ்பைடர்மேனுக்கு எத்தனை மார்க்?

மார்ச் 25, 2020. திக்லிபூர், அந்தமான்

விமானம் நின்றுவிட்டது. கப்பலும் கிடையாது. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் என்று சென்னை போன அண்ணனும் அண்ணியும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பையன் என்னிடம் இருக்கிறான். இரவு தட்டைத் தள்ளிவிட்டு, "பசிக்கல அத்தை" என்று போய்ப் படுத்துவிட்டான்.

மார்ச் 29

கரண்ட் போய்ப் போய் வருகிறது. போனில் அண்ணன் குரல் பாதிதான் கேட்டது.

ஏப்ரல் 3

அலமாரியைக் குடைந்து பிஎஸ்பி கேம் மெஷினை எடுத்துவிட்டான். அண்ணன் சென்னை பர்மா பஜாரில் பழையதாக வாங்கி வந்தது. இடது பக்கத்துக் கறுப்புக் குமிழ் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. முதுகுப்புறம் திறந்தால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு குட்டி வட்டு. மூடியதும் கிர்ரென்று சுழன்று, நெடுநேரம் யோசித்த பிறகுதான் படம் வருகிறது. இருப்பது ஒரே கேம், ஸ்பைடர்மேன் 2. 2005-இல் வந்தது. இவனைவிட மூத்தது.

இன்று முழுத் தட்டு சோறு சாப்பிட்டான்.

ஏப்ரல் 11

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணுக்கு இவன் வயதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி பிஎஸ்பியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு முறையும் டெட்டால் துணியால் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். பேச்செல்லாம் இந்தியில். சண்டை இரண்டு மொழியிலும்.

சண்டையை எழுத்தில் போடுங்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நாலு வரி எழுதினால் நல்லதுதானே.

ஏப்ரல் 19

நோட்டைப் படித்தேன். இதை விட்டுவிடக் கூடாது என்று தோன்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த கேமைப் பற்றி அண்ணன் வாங்கி வந்த அன்றே சொன்னான். 2004-இல் டிவியோடு இணைக்கிற பெரிய மெஷின்களுக்கு ட்ரேயார்க் செய்த ஸ்பைடர்மேன் 2-தான் உலகம் கொண்டாடியது. அதில் மன்ஹாட்டன் முழுக்கத் திறந்து கிடக்கும். எறிகிற வலை நிஜமாகவே ஒரு கட்டடத்தில் ஒட்டினால்தான் ஊஞ்சலாட முடியும். எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். கையடக்க மெஷினுக்கு விகேரியஸ் விஷன்ஸ் செய்தது, பெயர் ஒன்றானாலும், வேறு கேம். கட்டம் கட்டமாகப் போக வேண்டும், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. அதை எதிர்பார்த்து இதை வாங்கியவர்களுக்கு ஏமாற்றம். போதாக்குறைக்கு பிஎஸ்பியில் இருப்பது ஒற்றைக் குமிழ். அதில் ஆளை ஓட்டினால், பார்வையைத் திருப்ப இன்னொரு குமிழ் இல்லை. அடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் நிற்பான், நமக்குத் தெரியாது.

இந்தக் குறைகளைப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், தங்கள் வழியில்.

அவள்: "பின்னாடி பாக்க முடியல. ஆனா ஸ்பைடர்மேனுக்கு ஆபத்து முன்னாடியே தெரியும்னு சொல்றாங்க. அப்போ எனக்கும் தெரியணும். 5-க்கு 3."

அதற்குக் கீழே அவளே: "நம்ம ஊர்ல இவன் என்ன பண்ணுவான்? பாக்குமரத்துல வலை போட்டா மரம் வளைஞ்சுடும்."

அவன்: "சேடில் பீக் மலை 732 மீட்டர். எம்பயர் ஸ்டேட் கட்டடம் கம்பியோட சேத்தே 443 மீட்டர்தான். நம்ம ஊர்தான் உயரம்."

பிறகு தனியாக, அழுத்தமான பென்சிலில்: "ஒவ்வொரு ரூமா போறது நல்லா இருக்கு. இந்த ரூம்ல என்ன செய்யணும்னு தெரியுது."

பலரும் குறையாகச் சொன்னதை இவன் நிறையாக எழுதியிருக்கிறான். அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத மாதம் இது. இதை முடித்தால் அடுத்தது திறக்கும் என்று உறுதி சொல்வது வீட்டில் அந்த மெஷின் ஒன்றுதான். விமர்சனம் எழுதுகிறவர்கள் எங்கிருந்து விளையாடினார்கள் என்றும் ஒரு வரி எழுத வேண்டும்.

மே 6

ஆன்லைன் வகுப்பு. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, நின்றது.

மே 25

நாட்டில் விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதாகச் செய்தி. அண்ணிக்கு மறு கண்ணிலும் தொந்தரவு, இப்போது பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பையனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய் மெஷினை எடுத்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 14

போன் தெளிவாகக் கிடைத்தது. அண்ணன், "கேம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டான். பையன் பிடித்துக்கொண்டான்.

"நல்லாவே இல்லப்பா. உனக்கு வாங்கத் தெரியல. பெரிய மெஷின்ல இருக்கறது வேற கேம், உனக்கே தெரியும். தெரிஞ்சும் இத ஏன் வாங்கின? பின்னாடி பாக்க முடியல. சேவ் பண்ணாம ஆஃப் ஆகுது. எவ்ளோ நேரம்தான் இதையே ஆடுறது?"

நோட்டில் 5-க்கு 5 போட்டவன் இவன். அண்ணன் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்ட பிறகு, "சரிடா கண்ணு, நீ சொல்றது சரி" என்றான். லைன் கட்டாகிவிட்டது.

ஜூன் 15

மார்க்கை அழித்து 1 என்று மாற்றியிருக்கிறான்.

ஜூலை 2

சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. கல்பாங் நீர்மின் நிலையம் நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது, 5.25 மெகாவாட். இருந்தும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பிஎஸ்பியிலும் சார்ஜ் இல்லை. இரண்டு பேரும் வேலிக்கு இப்புறமும் அப்புறமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

இரும்புக்கை மாயாவியைப் பற்றிச் சொன்னேன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே அவன் கதைதான். பிரிட்டிஷ்காரர்களின் கதை, தமிழில் நம் ஆளாகவே ஆகிவிட்டான். பழைய புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரும். நானும் அண்ணனும் அட்டை கிழியும்வரை படிப்போம். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும்.

"அப்போ திக்லிபூர்ல அவனால மறையவே முடியாது" என்றாள் அவள்.

பையன் சிரித்தான். வெகுநாளுக்குப் பிறகு சத்தமாக.

ஜூலை 9

இன்று நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் ஸ்பைடர்-மேன் இந்தியா காமிக்ஸ் ஒன்று இருக்கிறது. 2004-இல் கோதம் காமிக்ஸ் கொண்டுவந்தது, ஜீவன் காங் வரைந்தது. பீட்டர் பார்க்கருக்குப் பதில் மும்பையில் பவித்ர பிரபாகர். அங்கே மே அத்தை, இங்கே மாயா அத்தை. அதைக் காட்டி, அவள் கள்ளமில்லாமல் சொன்னாள்: "பாரேன், ரெண்டு பேரையும் அத்தைதான் வளக்கறாங்க. உன்ன மாதிரி."

பையன் எழுந்துவிட்டான். "அவங்களுக்கு அப்பா அம்மா இல்ல. எனக்கு இருக்காங்க." பென்சில் எங்கோ போய் விழுந்தது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஜூலை 10

காலையில் தானாக வந்து தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னான்.

ஆகஸ்ட் 10

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற ஏழு தீவுகளுக்கும் கடலுக்கடியில் போட்ட கேபிளைப் பிரதமர் இன்று தொடங்கி வைத்தார். ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். ரங்கத் வரை பட்டியலில் பெயர் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. சென்னைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கம்பி வந்ததே என்று மனசு குளிர்ந்தது. எங்கள் வீட்டுப் போன் நேற்று எப்படியோ இன்றும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 13

அந்தப் பெண்ணின் அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். போர்ட் பிளேரிலிருந்து மெமரி கார்டில் வீடியோ ஏற்றி வந்திருக்கிறார். பெரிய மெஷின் ஸ்பைடர்மேன் 2, யாரோ விளையாடியது. கடைசியில் பார்த்தேவிட்டோம். நகரம் முழுக்கத் திறந்து கிடந்தது. கட்டடம் கட்டடமாகத் தொங்கிப் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான்.

அவள் கண்ணெடுக்கவில்லை. "இதான் நெஜ கேம். நம்மது டூப்ளிகேட்."

பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பெருசாதான் இருக்கு. ஆனா எங்க போறான்? அப்பா வாங்கினது ஒண்ணும் டூப்ளிகேட் இல்ல."

நோட்டுக்காகப் பிடுங்கல். அவள் 3-ஐ 2 ஆக்கினாள். அவன் தன்னுடைய 1-ஐ அழித்துவிட்டு ஒன்றும் போடாமல் விட்டான். காலையிலிருந்து இருவரும் பேசவில்லை.

அண்ணிக்கு அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். அதன் பிறகுதான் டிக்கெட் பார்க்க முடியும். நாளைக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தருவதாக இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். வருகிறார்களா பார்க்க வேண்டும்.