நானிம்மாவின் கட்டிலருகே

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என் வகுப்புத் தோழியர் முந்திக்கொண்டனர். பாரதி கண்ட பெண்மையை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். சுற்றுச்சூழல் மாசை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். சிறுமலைக்குச் சுற்றுலா போய்வந்ததை எழுத மூவருக்குள் போட்டி. எனக்கு மிஞ்சியது வீடியோ கேம்தான். "அதைப் பற்றி எழுதினால் மலரில் போடுவீர்களா அம்மா?" என்று தமிழ்ப் பேராசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இப்போது நீ ஆடிக்கொண்டிருப்பதை எழுது, ஊரார் சொன்னதை எழுதாதே" என்றார். ஆகவே எழுதுகிறேன். படித்ததும் கொஞ்சம் கலந்திருக்கும். அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு பேகம்பூரில் பெரிய பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சந்தில் இருக்கிறது. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பது இங்கேதான். பேகம்பூர் என்ற பெயரும் அந்த அம்மையாரால் வந்ததே. வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில். அதில் என் அம்மாவைப் பெற்ற நானிம்மா. அத்தா பூட்டுப் பட்டறையிலிருந்து வருவதற்கு இரவு 9 மணியாகும். அம்மா தையல் மிஷினை விட்டு எழுவதில்லை. ஆகவே இரவு 8 மணி முதல் 11 மணி வரை நானிம்மாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் எழுந்து கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் வேலை. அந்த நேரத்தில் பாடப் புத்தகத்தையும் திறப்பதுண்டு. (பேராசிரியப் பெருமக்கள் நம்ப வேண்டும்.) மீதி நேரம் கைப்பேசி.

முதலில் ஆடத் தொடங்கியது டெட்ரிஸ். மேலிருந்து கட்டங்கள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். மொத்தம் 7 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 4 சதுரங்கள். இவ்வளவே ஆட்டம். 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் என்பவர் இதை உருவாக்கினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் படம் வரையும் வசதி இல்லை. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சதுரமாகக் காட்டியிருக்கிறார்! ஆட்டம் உலகெங்கும் விற்றது, உரிமையோ அரசாங்கத்தினுடையது. 1996இல்தான் அந்த மனிதருக்கு அதில் வருமானம் வரத் தொடங்கியது. இதைச் சொன்னபோது அத்தா சிரித்தார். "பூட்டுச் செய்கிறவனுக்கும் அதே கதைதானம்மா" என்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் அத்தாவின் கூலி அதனால் ஒரு ரூபாயும் ஏறவில்லை. ஆனால் என் தோளுக்குப் பின்னால் நின்று அரை நிமிடம் பார்த்துவிட்டு, "அந்த நீளக்கட்டையை அவசரப்பட்டுப் போடாதே, நெம்புகோலை அராவிப் பொருத்துகிற மாதிரி இடம் பார்த்து இறக்கு" என்றார். அன்று என் புள்ளிகள் இரட்டிப்பாயின.

இரண்டாவது, தம்பியின் ஆட்டம். விமானத்திலிருந்து 100 பேர் பாராசூட்டில் குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் வெல்வது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது எங்கள் சந்தில் பையன்கள் துக்கம் காத்தார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் போயிற்று. 2023 மே மாதம் திரும்பி வந்தது. தம்பி வற்புறுத்தியதால் நானும் குதித்தேன். இரண்டு நிமிடத்தில் யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள். யார், எங்கிருந்து என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு நானிம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். கை நடுங்கியது. அத்துடன் அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில் முடிந்தது. தம்பி இப்போது மொட்டைமாடியில் ஆடுகிறான். (பணம் கட்டி ஆடுவதைப் பற்றி நான் எழுதவில்லை. 2025 ஆகஸ்டில் அதைத் தடுக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது. அது ஆட்டமே அன்று.)

மூன்றாவதைப் பற்றி எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாமு மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "இதில் ஒரு தமிழ் ஆட்டம் இருக்கிறது, பார்" என்றார். அதன் பெயர் 'வெண்பா'. பெயரைக் கேட்டதும் யாப்பிலக்கணம் என்று பயந்துவிட்டேன். கனடாவில் டொரன்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் ஆட்டத்துக்கான பரிசும் பெற்றது. வெண்பா என்பது ஒரு பெண்ணின் பெயர். 1980களில் கணவர் பாவலனுடன் கனடாவுக்குக் குடிபோகிறாள். அங்கே கவின் என்ற மகன் பிறக்கிறான். சுடுவதில்லை, ஓடுவதில்லை. சமைக்க வேண்டும். அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாமே ஊகித்துச் செய்ய வேண்டும்.

முதல் பாடம் இட்லி. இட்லி எனக்குத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். மாவை ஊற்றித் தட்டுகளை அடுக்கினேன்; வேகவில்லை. மறுபடியும் அடுக்கினேன், அப்போதும் வரவில்லை. திண்டுக்கல்லில் பிறந்து இருபது வருடம் இட்லி தின்றவள், கனடாக்காரர் செய்த ஆட்டத்தில் இட்லி அவிக்கத் தெரியாமல் விழித்தேன்.

திரையில் நீல நிறமும் ஆவியும் தெரிந்ததாலோ என்னவோ, நானிம்மா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஜரா ஸர்கா" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி, கையை நீட்டி, "ஸர்கா, ஸர்கா" என்றார். நான் விழித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே தையல் மிஷின் நின்றது. "தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்கிறார்களடி. ஒன்றின் தலைமேல் ஒன்று குழி வந்தால் ஆவி எப்படி மேலே போகும்?" என்று அம்மா சிரித்தார்.

நகர்த்தி வைத்தேன். இட்லி வெந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நானிம்மா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நானா இங்கே தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர்கள் வீட்டு மொழி உருது. தமிழை நானிம்மா சந்தையில்தான் கற்றார். அந்தத் தமிழில் ஐம்பது வருடம் கீரைக்காரியோடு பேரம் பேசி வென்றிருக்கிறார். அத்தா வீட்டில் தமிழ்தான். ஆகவே நானும் தம்பியும் தமிழிலேயே வளர்ந்தோம். நானிம்மாவும் எங்களோடு தமிழிலேயே பேசினார். உருது கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவே இல்லை.

இரண்டு வருடமாக அவருக்கு நினைவு தப்புகிறது. முதலில் போனது தமிழ். பின்னால் கற்ற மொழி முன்னால் போய்விடுவதுண்டு என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் கீரைக்காரம்மா வாசலில் நின்று, "என்னம்மா, முகத்தைக் காணோம்?" என்று கேட்டார். நானிம்மா அவரை மரியாதையோடு பார்த்தார்; ஒரு சொல்லும் வரவில்லை. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டு முளைக்கீரையைக் காசு வாங்காமல் வைத்துவிட்டுப் போனார். இப்போது நானிம்மா பேசுவதெல்லாம் உருது. பானி, கானா போன்ற நாலைந்து சொற்கள் எனக்குத் தெரியும். மற்றதற்கெல்லாம் தலையாட்டுவேன். நான் தலையாட்டுவது பொய் என்று அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஆட்டத்தில் கவின் வளர்கிறான். வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படுகிறான். தாய் பேசும்போது அவனுக்கு எட்டாத சொற்கள் திரையில் மங்கலாகிவிடுகின்றன. எனக்குத் தமிழ் தெரியும். ஆனால் அந்த மங்கல் எழுத்துகளையும் எனக்குத் தெரியும். தினமும் இரவு 8 மணி முதல் 11 மணி வரை அவற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கவின்மீது எனக்குக் கோபம் வந்தது. 'ஏண்டா, பக்கத்திலேயே அம்மா இருக்கிறாளே, கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன?' என்று லேப்டாப்பைப் பார்த்து உரக்கவே சொல்லிவிட்டேன். அம்மா மிஷினை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மூன்றாம் முறையாக ஆடுகிறேன். மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டம். தோழியர் கேலி செய்கிறார்கள். பிரியாணி வரும் பாகத்தில் வேண்டுமென்றே தவறு செய்கிறேன். நானிம்மா அதட்டுவார். அவர் அதட்டும் சொல்லை அம்மாவிடம் பொருள் கேட்டு, பொருளியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறேன். நேற்று வரை 63 சொற்கள். அவற்றில் ஏழெட்டு வசவு. அவை மட்டும் எழுதாமலே மனப்பாடமாகிவிட்டன. ஒரு சொல்லுக்கு அம்மாவுக்கும் பொருள் தெரியவில்லை. ஆம்பூரில் சின்ன வயதில் பேசியதாக இருக்கும் என்றார். அதையும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு தரை குளிர்ந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கே போனேன். நானிம்மா நடுவில் படுத்திருந்தார். எனக்கு உட்கார இடமில்லை. "ஜரா ஸர்கோ நானிம்மா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கமாக நகர்ந்து, தலையணையையும் இழுத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.