காஸ்ட்ரீஸ் துறையில் ஒரு முப்பதாம் நாள்

கரிபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியா, பெண் புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு நாடு. கண்ணோயுற்றோர் அப்புனிதையின் பரிந்துரையை வேண்டுவது திருச்சபையில் நெடுநாளைய வழக்கம். உறவினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி நாம் ஏறியிருந்த உல்லாசக் கப்பல், அத்தீவின் தலைநகரான காஸ்ட்ரீசில் காலை எட்டு மணிக்கு அணைந்தது. மாலை ஐந்துக்குப் புறப்பாடு.

இறங்கிய பயணிகளில் பலர் துறையை ஒட்டிய தீர்வையில்லாக் கடைகளில் கைக்கடிகாரங்களைப் பார்த்துவிட்டு, நண்பகல் உணவுக்குக் கப்பலுக்கே மீண்டனர். உணவுக்குத்தான் முன்னரே பணம் கட்டியாயிற்றே! ஊருக்குள் சென்று எதற்குச் செலவிடுவர்?

நாம் அமல உற்பவ அன்னையின் பேராலயத்தை நாடி நடந்தோம். புறத்தோற்றம் எளியது, உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றோம். அத்தீவின் ஓவியர் டன்ஸ்டன் செயின்ட் ஓமர், திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் 1986-ஆம் ஆண்டு வருகையை முன்னிட்டு, 1985-இல் தீட்டிய சுவரோவியங்கள் அவை. புனிதர்கள் அனைவரும் கறுத்த மேனியர்! அந்நாட்டின் கொடியை வடிவமைத்தவரும் அவரே. 1973-இல் ரோசோ பள்ளத்தாக்கின் சிற்றூர்க் கோயிலில் திருக்குடும்பத்தையே கறுப்பினத்தாராக வரைந்தவர். அடிமைகளின் வழித்தோன்றல்கள் தம் முகச்சாயலில் அன்னையைக் காண்பது எத்துணை ஆறுதல்! நம் கோயில்களின் வெளிறிய சுரூபங்களை எண்ணிக்கொண்டோம்.

அங்கே நாம் ஏற்றிய மெழுகுதிரி நம்முடையதன்று. நம் அறையைத் துப்புரவு செய்த இளைஞர் தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவர். முந்திய இரவு, நம் கழுத்துச் சிலுவையைக் கண்டு தயங்கித் தயங்கிப் பேசினார். "நாளைக்கு எங்க அம்மாவுக்கு முப்பதாம் நாள், சாமி. அடக்கத்துக்கே போக முடியல. கோயிலுக்குப் போனா ஒரு திரி ஏத்துங்க." அத்துறைக்கு அவர் பன்முறை வந்தவர், பேராலயத்தை ஒருமுறையும் கண்டதில்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேர ஓய்வு தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அந்த ஓய்விலேதான் உறக்கமும் துணி துவைத்தலும் வீட்டாரோடு பேசுதலும். "கரையப் பாக்கணும்னா தூக்கத்த விடணும், சாமி" என்றார்.

1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கடலோர் திருத்தூதுப் பணியின் குருக்கள், மாலுமிகளின் வருகைக்குக் கோயிலில் காத்திராமல் கப்பலுக்குள்ளேயே ஏறிச் செல்வதன் காரணம் நமக்கு அன்று விளங்கிற்று. பொறுப்பாளரிடம் இசைவு பெற்று, இரவு பதினொன்றரைக்கு ஊழியர் உணவுக்கூடத்தில் அத்தாயாருக்காகத் திருப்பலி நிறைவேற்றினோம். கோவாக்காரரும் பிலிப்பினோக்களுமாக இருபது பேர்வரை, சீருடை களையாமலே வந்திருந்தனர். தாயாரின் பெயரைச் சொன்னபோது மகன் விம்மினார். அருகில் நின்ற பிலிப்பினோ அவர் தோளைப் பற்றிக்கொண்டார். மறையுரையின் நடுவில் இருவர் அமர்ந்தபடியே உறங்கிவிட்டனர். அவர்களை எவரும் எழுப்பவில்லை. நாமும் குரலைத் தாழ்த்தி, மறையுரையை அவ்வளவில் முடித்துக்கொண்டோம்.